நம்புகிறார் விஞ்ஞானி!

"பூமியின் வயது ஏறத்தாழ 454 கோடி ஆண்டுகள் என்று விஞ்ஞானிகள் நம்புகிறார்கள்."

ஒன்பதாம் வகுப்பு மாணவன் ஒருவன் கரும்பலகையில் எழுதிய தமிழ் வாக்கியம் இது. ஆங்கிலத்தில் ஒரு வரி கொடுத்து, தமிழில் தருக என்றேன், தந்தான். ஒற்றுப் பிழை இல்லை, எழுத்துப் பிழை இல்லை. "நன்று" என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் கடைசி வரிசையில் ஒருவன் எழுந்தான்.

"சார், எங்கள் பாட்டியும் நம்புகிறார்கள். ஆதிசேடன் தலையில்தான் பூமி நிற்கிறது என்று நம்புகிறார்கள். விஞ்ஞானி நம்புவது விஞ்ஞானிக்கு, பாட்டி நம்புவது பாட்டிக்கு. இரண்டில் எது சரி என்று எப்படிச் சொல்வது?"

வகுப்பு சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவன் தருக்கத்தில் ஓட்டை எங்கே என்று தேடினேன், கிடைக்கவில்லை. கரும்பலகையில் எழுதப்பட்டது உண்மையானால், அவன் கேள்வியும் நியாயமானது. இருவரும் நம்புகிறவர்கள். ஒருவர் நம்பிக்கையைவிட மற்றவர் நம்பிக்கை உயர்ந்தது என்று தீர்ப்புச் சொல்ல நாம் யார்? மணி அடித்தது, நான் தப்பினேன். ஆனால் வீடு திரும்பும்வரை அந்தக் கேள்வி என்னைப் பின்தொடர்ந்து வந்தது.

பாட்டி செய்ததும் விஞ்ஞானி செய்ததும் ஒரே செயலா? 1956ஆம் ஆண்டில் அமெரிக்க நாட்டு வேதியியல் அறிஞர் கிளேர் பாட்டர்சன் என்ன செய்தார்? விண்ணிலிருந்து விழுந்த கற்களை எடுத்தார். அவற்றிலுள்ள ஈயத்தின் வகைகளை அளந்தார். யுரேனியம் எத்தனை காலத்தில் எத்தனை பங்கு ஈயமாக மாறும் என்பது முன்பே தெரிந்த கணக்கு. அந்தக் கணக்கைப் போட்டு, 455 கோடி ஆண்டு என்றார். அதோடு நின்றாரா? ஏழு கோடி ஆண்டு கூடவோ குறையவோ இருக்கலாம் என்று, தம் கணக்கு எவ்வளவு தவறக்கூடும் என்பதையும் உடன் எழுதினார். பின்னால் வந்தவர்கள் மேலும் நுட்பமாக அளந்து 454 என்று திருத்தினார்கள். எவரும் எவரையும் சபிக்கவில்லை. ஆதிசேடனுக்கு ஆயிரம் தலை என்று எழுதிவைத்த புராணிகர் எவராவது, "ஐம்பது தலை கூடவோ குறையவோ இருக்கலாம்" என்று அடியில் குறித்ததுண்டா?

இந்த வேறுபாடு மலைக்கும் மடுவுக்கும் உள்ளது. இத்தனை பெரிய வேறுபாட்டை ஒரே ஒரு வினைச்சொல் மூடி மறைத்துவிட்டது. 'நம்புகிறார்' என்று எழுதியவுடன், ஆய்வுக்கூடமும் அரசமரத்தடியும் ஒன்றாகிவிட்டன.

மாணவனைக் குறை சொல்ல மாட்டேன். ஆங்கில வரியில் இருந்த வினை 'பிலீவ்'. அகராதியைப் புரட்டினால் அதற்கு நேரே 'நம்பு' என்று நிற்கும். அவன் அகராதிக்கு அடங்கிய பிள்ளை. குற்றம், அந்த ஆங்கில வினையின் குணத்தை ஆராயாமலே அதற்கு ஒரே ஒரு தமிழ்ச் சொல்லை மணமுடித்து வைத்த நம் எழுத்துலகத்தினுடையது.

அந்த வினையின் குணந்தான் என்ன? ஆங்கிலேயன் ஒருவன், ரயில் ஐந்து மணிக்கு வரும் என்று 'பிலீவ்' செய்கிறான். அவன் ரயிலைத் தொழுதுகொண்டா நிற்கிறான்? அப்படி நினைக்கிறான், அவ்வளவே. உறுதியாகத் தெரியாது என்பதை நாகரிகமாக ஒப்புக்கொள்கிறான். அவனே தன் நண்பன் சொன்ன சேதியை 'பிலீவ்' செய்கிறான்; பொய்யென்று தள்ளாமல் மெய்யென்று ஏற்கிறான் என்பது பொருள். அதே வினையின் பின்னால் 'இன்' என்ற சிறு இடைச்சொல்லை ஒட்டிவிட்டால் போதும், குணமே மாறிவிடுகிறது. கடவுளைப் 'பிலீவ் இன்' என்றால் அவர் உண்டென்று கொள்வது, அவரிடம் தன்னை ஒப்படைப்பது. மக்களாட்சியைப் 'பிலீவ் இன்' என்றால் அது நல்ல முறை என்று கொள்வது. மக்களாட்சி உண்டா இல்லையா என்ற ஐயம் அங்கே இல்லை. மகனைப் 'பிலீவ் இன்' என்றால் அவனால் முடியும் என்று ஊக்குவது. ஐயத்தின் வாயிற்படியிலிருந்து பக்தியின் கருவறைவரை நடமாடுகிற சொல் அது. ஆங்கிலேயனுக்கு அதனால் பெரிய தொல்லை இல்லை. பழகிய காது, இடம் நோக்கிப் பொருள் பிரித்துக்கொள்ளும். தொல்லை நமக்கு. நம் 'நம்பு' வாயிற்படியில் நிற்கிற சொல் அன்று. ரயில் ஐந்து மணிக்கு வரும் என்று நம்புகிறேன் என்று ஒரு தமிழன் சொன்னால், அவன் அந்த ரயிலில் வரப்போகும் யாருக்காகவோ ஏங்கிக்கொண்டிருக்கிறான் என்றே பொருள் படும்.

ஏங்குகிறான் என்றேனே, அது வேடிக்கைக்காகச் சொன்னதன்று. சொல்லின் வேரைத் தோண்டினால் அங்கே ஏக்கந்தான் இருக்கிறது, ஆங்கிலத்திலும், தமிழிலும்.

ஆங்கிலத்தை முதலில் பார்ப்போம். 'பிலீவ்' என்பதன் பழைய வடிவம், பழைய ஆங்கிலத்தில் 'கெ' என்று எழுதப்பட்ட முன்னொட்டோடு வழங்கியது. 12ஆம் நூற்றாண்டை ஒட்டி அந்த முன்னொட்டு உதிர்ந்து 'பி' வந்து ஒட்டிக்கொண்டது. ஒட்டை நீக்கிப் பார்த்தால் எஞ்சுவது, அன்பு, விருப்பு, அருமை என்னும் பொருளுடைய ஒரு வேர். செருமானிய மொழியில் நம்புதலுக்கு 'கிளவ்பன்', காதலித்தலுக்கு 'லீபன்', இரண்டும் உடன்பிறப்புகள். ஆங்கிலத்தில் காதலைச் சொல்லும் 'லவ்' இதே குடும்பம். இசைவைக் குறித்துப் பின் விடுமுறையாகிவிட்ட 'லீவ்' இதே குடும்பம். நம் பிள்ளைகள் காய்ச்சல் என்று எழுதிக் கேட்கும் 'லீவு' அதுதான். வடமொழியில் 'லுப்' என்ற வேர், ஆசைப்படுதல் என்னும் பொருளது, அதிலிருந்து லோபம். தமிழில் நாம் உலோபி என்று யாரைச் சொல்கிறோம்? காசின்மேல் ஆசை விடாதவனை. ஆக, பக்தன், காதலன், கஞ்சன் ஆகிய மூவரும் சொல்லின் வழியில் ஒரே பாட்டன் பேரப்பிள்ளைகள்! ஒன்றை அருமையாகக் கருது, அதை இறுகப் பற்றிக்கொள் என்பதே அந்த வினையின் பிறவிப் பொருள். உண்மையா பொய்யா என்று சோதித்துப் பார் என்னும் பொருள் அதன் தொட்டிலில் இல்லை.

இனித் தமிழுக்கு வருவோம். தொல்காப்பியச் சொல்லதிகாரத்தின் உரியியலைப் புரட்டுங்கள். 'நம்பு' என்னும் சொல்லுக்கும் 'மேவு' என்னும் சொல்லுக்கும் தொல்காப்பியர் ஒரே பொருள் சொல்கிறார். அது என்ன? நசை. அதாவது விருப்பம், ஆசை. கடவுள்மேல் உறுதி என்றோ, ஐயமின்மை என்றோ அவர் சொல்லவில்லை. சென்னைப் பல்கலைக்கழகம் வெளியிட்ட தமிழ்ப் பேரகராதியும் 'நம்பு' என்பதற்கு விரும்புதல் என்னும் பொருளைக் காட்டுகிறது. எதை ஒருவன் விரும்பினானோ, அதன்மேல் மனத்தை வைத்தான். மனத்தை வைத்தபின், அது தன்னைக் கைவிடாது என்று கொண்டான். அதுவே இன்றைய நம்பிக்கை.

எத்தனை வியப்பு! வடகடல் ஓரத்து மக்களும், தென்கடல் ஓரத்து மக்களும், ஒருவரை ஒருவர் அறியாத காலத்தில், ஒரே உண்மையைத் தத்தம் மொழியில் பொறித்துவிட்டார்கள். மனிதன் ஆராய்ந்து அறிந்ததை நம்பத் தொடங்கவில்லை; ஆசைப்பட்டதையே நம்பத் தொடங்கினான்.

இங்கே ஓர் எச்சரிக்கை. இந்த ஒற்றுமையைக் கண்டதும், 'பிலீவ்' தமிழிலிருந்தே போனது என்று நிறுவப் புறப்பட்டுவிடாதீர்கள். நம் தோழர்களில் சிலருக்கு அந்த நோய் உண்டு. ஆங்கில அகராதியில் எந்தப் பக்கத்தைத் திறந்தாலும் அதில் தமிழ் வேர் ஒன்றைத் தோண்டி எடுத்து வந்து மேடையில் வைப்பார்கள். கைதட்டல் கிடைக்கும். ஆனால் ஒலி ஒத்தால் உறவு என்று முடிவுகட்டுவதும் ஒரு மூடநம்பிக்கையே. இங்கே ஒலியும் ஒக்கவில்லை, உறவும் இல்லை. ஒத்தது மனித மனத்தின் போக்கு மட்டும். தமிழின் பெருமைக்கு இட்டுக்கட்டிய உறவுமுறை தேவையில்லை.

ஆசையிலிருந்து பிறந்த இச்சொற்கள் எப்படிச் சமயத்தின் கைக்குப் போயின? 4ஆம் நூற்றாண்டில் கோத்திய மொழியில் விவிலியத்தைப் பெயர்த்த வுல்பிலா, கிரேக்க மூலத்திலிருந்த வினைக்கு இந்தச் செருமானியக் குடும்பத்து வினையையே எடுத்தாண்டார். ஆங்கிலத்திலும் அதுவே நடந்தது. முதலில் 'பிலீஃப்' என்ற பெயர்ச்சொல்லே கடவுளிடம் வைக்கும் உறுதியைக் குறித்தது. இலத்தீன் வழியே பிரெஞ்சிலிருந்து 'ஃபெய்த்' வந்து சேர்ந்தபின், 14ஆம் நூற்றாண்டு முதல் சமயப் பொருளை அது மெல்ல மெல்லப் பிடித்துக்கொண்டது. 'பிலீஃப்' ஒரு கருத்தை உண்மையென மனத்தால் ஏற்றல் என்னும் அளவுக்குச் சுருங்கிவந்தது. ஆனால் 'ஃபெய்த்' என்பதிலிருந்து வினைச்சொல் ஆக்க ஆங்கிலத்தில் வழி இல்லை. எனவே 1611ஆம் ஆண்டின் புகழ்பெற்ற ஆங்கில விவிலியத்தில் பெயர் வரும் இடத்தில் 'ஃபெய்த்' என்றும், வினை வரும் இடத்தில் 'பிலீவ்' என்றும் வருகின்றன. கிரேக்கத்தில் ஒரே வேரிலிருந்து வந்த பெயரும் வினையும், ஆங்கிலத்தில் இரண்டு குடும்பத்துச் சொற்களாகிவிட்டன. அன்று நேர்ந்த அந்தக் கலப்பால்தான் இன்றுவரை அந்த வினையின்மேல் கோயில் வாடை அடிக்கிறது.

தமிழில் நடந்த கதை இன்னும் சுவையானது. 1706இல் தரங்கம்பாடியில் வந்து இறங்கிய சீகன்பால்கு புதிய ஏற்பாட்டைத் தமிழாக்கி, 1715க்குள் அங்கேயே அச்சிட்டு முடித்தார். அவருக்குப் பின் பலர் பெயர்த்தனர். 19ஆம் நூற்றாண்டில் உருவாகி இன்றும் பல சபைகளில் படிக்கப்படும் பழைய பதிப்பைப் பாருங்கள். 'ஃபெய்த்' என்பதற்கு அங்கே விசுவாசம், வினைக்கும் விசுவாசித்தல். 'நம்பிக்கை' எங்கே போயிற்று? 'ஹோப்' என்பதற்கு அதை வைத்துக்கொண்டார்கள். வருமென எதிர்பார்த்திருப்பது நம்பிக்கை. கடவுளிடம் உறுதி கொள்வது விசுவாசம். வடசொல்லை வலிந்து புகுத்தினார்கள் என்று நம்மவர் கடிந்துரைப்பது வழக்கம். கடிந்துரைக்கத்தான் வேண்டும், ஆனால் ஒரு நன்மையை மறைக்கக்கூடாது. அவர்கள் இரண்டு கருத்துக்கு இரண்டு சொல் வைத்திருந்தார்கள். 1995இல் கத்தோலிக்கரும் பிறரும் கூடி வெளியிட்ட பொது மொழிபெயர்ப்பு, விசுவாசத்தை விலக்கி 'நம்பிக்கை' என்று வைத்தது. பழைய நம்பிக்கையின் இடத்துக்கு 'எதிர்நோக்கு' வந்தது. தனித்தமிழ் நோக்கில் நல்ல திருத்தம். அங்கேயும் இரண்டுக்கு இரண்டு சொல் என்ற ஒழுங்கு குலையவில்லை என்பதைக் கவனியுங்கள். சமயநூலைப் பெயர்த்தவர்கள் காட்டிய இந்த விழிப்பை அறிவியல் நூலைப் பெயர்ப்பவர்கள் காட்டவில்லை என்பதே என் வருத்தம்.

விசுவாசம் என்ற சொல்லையும் விட்டுவிட மனமில்லை. அதன் வேரில் இருப்பது சுவாசம், மூச்சு. அச்சம் நீங்கி நிம்மதியாக மூச்சுவிடுதல் என்பது அதன் முதற்பொருள். அழகான பொருள்தான். தமிழ்நாட்டுக்கு வந்து அது என்ன ஆயிற்று? எசமான் வீட்டு நாய்க்கு விசுவாசம், பண்ணையார் வீட்டு ஆளுக்கு விசுவாசம். நிம்மதியாக மூச்சுவிடுவதற்காக அல்ல, மூச்சுக் காட்டாமல் இருப்பதற்காகவே அந்தச் சொல் இங்கே வழங்கிற்று.

நம்பிக்கை ஆசையில் பிறந்தது என்றோமே, அதனால் என்ன கேடு என்று கேட்கலாம். இலண்டன் யூனிவர்சிட்டி கல்லூரியில் கணிதப் பேராசிரியராக இருந்த வில்லியம் கிங்டன் கிளிஃபர்ட் 1877இல் வெளியிட்ட கட்டுரையைப் படிக்க வேண்டும். நம்புவதற்கும் அறம் உண்டு என்பது அதன் கருத்து. அதில் அவர் ஒரு கப்பல் முதலாளியைப் படைத்துக் காட்டுகிறார். குடிபெயர்வோரை ஏற்றிச்செல்லும் கப்பல். பழையது, பலமுறை பழுது பார்க்கப்பட்டது. கடலுக்குத் தாங்காது என்று சிலர் சொல்கிறார்கள். முதலாளிக்கும் உள்ளூர உறுத்தல். செப்பனிடப் பணம் செலவாகும். எத்தனை புயலைக் கண்ட கப்பல் இது, இந்த முறையும் திரும்பிவரும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்கிறான். ஏழைக் குடும்பங்களைக் கடவுள் கைவிடமாட்டார் என்கிறான். ஐயத்தை அடித்து விரட்டுகிறான். கடைசியில் உண்மையாகவே நம்பிவிடுகிறான்! மகிழ்ந்த மனத்தோடு வழியனுப்புகிறான். நடுக்கடலில் கப்பல் மூழ்குகிறது. காப்பீட்டுப் பணத்தை வாங்கிக்கொண்டு வாய் திறவாமல் இருக்கிறான்.

அவன் நம்பியது மெய்யாகவே நம்பியதுதான், நடிப்பு இல்லை. ஆயினும் அவன் குற்றவாளி என்கிறார் கிளிஃபர்ட். ஏன்? கையில் இருந்த சான்றைக்கொண்டு அப்படி நம்ப அவனுக்கு உரிமை இல்லை. இன்னும் ஒரு படி போகிறார்: கப்பல் மூழ்காமல் கரை சேர்ந்திருந்தாலும் அவன் குற்றவாளியே. 33 வயதில், 1879இல் மறைந்த அந்த இளைஞர் எழுதியதைப் படித்தபோது, தொல்காப்பியர் உரியியலில் வைத்த பொருளுக்கு உரை கண்டதுபோல் இருந்தது எனக்கு. முதலாளி அந்தக் கப்பலை நம்பினான். அதாவது, அது கரை சேர விரும்பினான். விருப்பத்தைச் சான்று என்று எண்ணிக்கொண்டான்.

அமெரிக்க அறிஞர் வில்லியம் ஜேம்ஸ் 1896இல் இதற்கு மறுப்புச் சொன்னார். சான்றால் தீர்க்க முடியாததும், தள்ளிப்போட முடியாததும், வாழ்க்கைக்கு இன்றியமையாததுமான கேள்விகளில், நம்புவதற்கு மனிதனுக்கு உரிமை உண்டு என்றார். எளிதில் தள்ளிவிடக்கூடிய மறுப்பன்று. ஒரு பெண்ணிடம் காதலைச் சொல்லப் போகிறவன், அவள் இசைவாள் என்பதற்கு ஆய்வுக்கூடச் சான்று வரும்வரை காத்திருந்தால் காத்தேதான் இருப்பான். ஆனால் ஜேம்ஸ் திறந்துவிட்டது ஒரு சிறு சன்னல். சமயவாதிகள் அதன் வழியே யானையை நுழைக்கப் பார்க்கிறார்கள். பூமியின் வயது சான்றால் தீராத கேள்வியா? அம்மை எதனால் வருகிறது என்பது சான்றால் தீராத கேள்வியா?

ஆசையால் நம்புவது ஒருபுறம். ஆணையால் நம்பவைப்பது மறுபுறம். 1633 ஜூன் 22ஆம் நாள் உரோமாபுரியில், எழுபதை எட்டிக்கொண்டிருந்த கலீலியோ முழங்காலிட்டு ஒரு வாசகத்தைப் படிக்கவேண்டி வந்தது. பூமி சுற்றுகிறது என்ற கருத்தைக் கைவிடுவதாக மட்டும் சொன்னால் போதும் என்று விட்டார்களா? திருச்சபை சொல்வதையெல்லாம் முன்பும் நம்பியதாகவும், இப்போதும் நம்புவதாகவும், இனியும் நம்பப்போவதாகவும், முக்காலத்துக்கும் அந்த வினையை வைத்து அவர் வாயால் சொல்லவைத்தார்கள். தொலைநோக்கி வழியே வியாழனின் நிலவுகளைக் கண்டவர் அவர். கண்டவனிடம் போய் 'நம்பு' என்றார்கள். 1642இல் இறக்கும்வரை காவலிலேயே வைத்தார்கள். 'அறி' என்று ஆணையிட எந்த ஆட்சியாலும் முடியாது. 'நம்பு' என்று ஆணையிடத்தான் முடியும்.

நம் நாளேடுகளுக்கு வருகிறேன். காலையில் ஏட்டைப் பிரித்தால் கண்ணில் படும் முதல் அநியாயம் 'நம்பப்படுகிறது'. "குற்றவாளி வெளியூருக்குத் தப்பியிருக்கலாம் என்று நம்பப்படுகிறது." யார் நம்புகிறார்கள்? எதைக்கொண்டு? போலீசார் ஐயுறுகிறார்கள், அதை எழுதினால் என்ன குறைந்துவிடும்? அடுத்த பக்கத்தில், "இந்தக் குளத்தில் மூழ்கினால் தோல்நோய் தீரும் என்று நம்பப்படுகிறது." மூன்றாம் பக்கத்தில், "செவ்வாய்க் கோளில் ஒரு காலத்தில் நீர் ஓடியதாக நம்பப்படுகிறது." துப்பு, குளம், கோள் மூன்றும் ஒரே தட்டில்! ஆங்கிலச் செய்தியின் செயப்பாட்டு வினையை அப்படியே உரித்து ஒட்டியதால் வந்த வினை இது. செயப்பாட்டு வினைக்கு ஒரு வசதி உண்டு, எழுவாய் ஓடி ஒளிந்துகொள்ளலாம். நம்பியவன் யார் என்று தெரியாவிட்டால், ஏன் நம்பினாய் என்று யாரைக் கேட்பது?

கோயில் செய்திகளில் 'ஐதீகம்' என்று எழுதுகிறார்களே, அதைக்கூட நான் மன்னிப்பேன். 'இவ்வாறாம்' என்று செவிவழி வந்ததையே அந்த வடசொல் குறிக்கிறது. சொன்னார்கள், கேட்டோம், எங்களுக்குத் தெரியாது என்று அது உள்ளபடியே கைகழுவிக்கொள்கிறது. 'நம்பப்படுகிறது' அப்படியா? கைகழுவுவதும் அதுதான், கைகூப்பச் சொல்வதும் அதுதான்.

அப்படியானால் என்ன எழுதுவது? தமிழில் சொல் இல்லையா? இல்லாத ஊருக்கா வழி கேட்கிறோம்! எண்ணு, கருது, நினை என்பன உறுதி குறைந்த இடத்துக்கு. கொள் என்பது ஒரு நிலையை ஏற்று நிற்கும் இடத்துக்கு. கொள்கை என்ற சொல்லே அதிலிருந்து வந்தது. நம்பு என்பது மனம் வைத்த இடத்துக்கு. சான்று கண்டு ஏற்கும் இடத்துக்குத் தமிழ் தந்திருக்கும் சொற்கள் தெளி, தேறு. திருக்குறளில் 51ஆம் அதிகாரத்தின் பெயரே 'தெரிந்து தெளிதல்'. ஒருவனைப் பணியில் அமர்த்துமுன் ஆராய வேண்டியதைச் சொல்லும் அதிகாரம் அது. ஆராயாமல் தெளிவதும், ஆராய்ந்து தெளிந்தபின் ஐயுறுவதும் ஆகிய இரண்டுமே தீராத துன்பம் என்கிறார் வள்ளுவர். முன்னது பக்தனின் நோய். பின்னது எதையும் ஏற்காமல் எள்ளிநகையாடிக்கொண்டே காலங்கழிக்கும் வீண்வாதியின் நோய். பின்னது நம் பாசறையிலும் உண்டு என்பதை ஒப்புக்கொள்வோம்.

தேர்தல் என்றால் ஆராய்தல். தேறுதல் என்றால் ஆராய்ந்த பயனாகத் தெளிதல். பள்ளிக்கூடத்தில் நாள்தோறும் புழங்கும் சொற்கள் இவை. தேர்வு எழுதியவன் தேறுகிறான். தேர்வே எழுதாமல் தேறினவனை எந்தத் தலைமையாசிரியரும் ஒப்புக்கொள்ள மாட்டார்.

இதனால் 'நம்பு' என்ற சொல்லை நாடு கடத்தச் சொல்கிறேனா? இல்லை. மக்கள் வாக்கில் அச்சொல் எப்படி வழங்குகிறது பாருங்கள்: மண்குதிரையை நம்பி ஆற்றில் இறங்காதே என்கிறார்கள். (மண் குதிர் என்று பிரித்து மணல்திட்டு எனப் பொருள் கொள்வாரும் உண்டு, எதுவானாலும் முழுகுவது முழுகுவதுதான்.) நம்பும் பொருள் நம்பத்தக்கதா என்று பார் என்ற எச்சரிக்கை அந்தப் பழமொழியிலேயே இருக்கிறது. தோழன் தோழனை நம்ப வேண்டும். மாணவன் தன்னை நம்ப வேண்டும். 'மூடநம்பிக்கை' என்று நாம் அடைகொடுத்துச் சொல்வதே, மூடமல்லாத நம்பிக்கை ஒன்று உண்டு என்பதற்காகத்தானே? மேடையில் மணிக்கணக்காகப் பேசி முடித்து, நான் சொன்னேன் என்பதற்காக நம்பிவிடாதீர்கள், உங்கள் அறிவைக்கொண்டு எண்ணிப்பாருங்கள் என்பாரே பெரியார், அவர் தடுத்தது நம்பும் வினையை அன்று. எண்ணுமுன் நம்பும் அவசரத்தை.

நாட்டுப்புறத்தார் நம்புவதெல்லாம் பொய்யென்றும் தள்ளவேண்டாம். மாட்டம்மை கண்ட பால்காரப் பெண்களுக்குப் பெரியம்மை வராது என்று இங்கிலாந்தின் கிராமத்தார் நம்பினார்கள். எட்வர்டு ஜென்னர் அதைக் கேட்டுச் சிரிக்கவில்லை, கும்பிடவும் இல்லை. 1796இல் மாட்டம்மைப் பாலை ஒரு சிறுவன் உடலில் ஏற்றினார். பின் பெரியம்மைப் பாலையே ஏற்றிச் சோதித்தார். (இன்றைய மருத்துவ அறம் அத்தகைய சோதனைக்கு இடந்தராது என்பது வேறு.) சிறுவனுக்கு நோய் வரவில்லை. அன்றோடு அது நம்பிக்கை என்ற பெயரை இழந்தது. இங்கே நாமோ, மாரியாத்தாள் வந்திருக்கிறாள் என்று நம்பி, வேப்பிலை கட்டி, ஊசி போடவந்தவரை வாசலிலேயே திருப்பி அனுப்பினோம். 1980இல் உலக நலவாழ்வு நிறுவனம் பெரியம்மை உலகைவிட்டே ஒழிந்தது என்று அறிவித்தது. எவர் நம்பினாலும் நம்பாவிட்டாலும் அது ஒழிந்தது ஒழிந்ததுதான்.

சட்டத்தில்கூட இந்த வேறுபாடு தேவைப்படுகிறது. 1949இல் ஏற்கப்பட்ட இந்திய அரசியலமைப்பின் முகப்புரையில் சிந்தனை, வெளிப்பாடு என்பவற்றுக்குப் பின் 'பிலீஃப்', 'ஃபெய்த்' இரண்டும் அடுத்தடுத்து நிற்கின்றன. இரண்டுக்கும் நம்பிக்கை, நம்பிக்கை என்று எழுதினால் நகைப்பார்களே! மொழிபெயர்ப்பவன் அங்கே இரண்டு சொல் தேடியே தீரவேண்டும். கடவுளைக் கொள்ளாதவனின் உரிமை அந்த முதற்சொல்லில்தான் இருக்கிறது.

மறுநாள் அதே வகுப்புக்குப் போனேன். முதல்நாள் வரியை மீண்டும் எழுதச் சொன்னேன், 'நம்பு' வரக்கூடாது என்ற நிபந்தனையோடு. ஒருவன் 'கருதுகிறார்கள்' என்றான். ஒருவன் 'சொல்கிறார்கள்' என்றான். பாட்டி வீட்டுப் பையன் வெகுநேரம் பென்சிலைக் கடித்துக்கொண்டிருந்துவிட்டு எழுந்துவந்து எழுதினான்: "பூமியின் வயது ஏறத்தாழ 454 கோடி ஆண்டுகள் என்று விஞ்ஞானிகள் அளந்து தெளிந்திருக்கிறார்கள்."

'அளந்து' என்பது ஆங்கிலத்தில் இல்லையே என்று முன்வரிசையில் ஒருவன் முணுமுணுத்தான். இல்லைதான். இருக்கட்டும் என்று விட்டேன்.

"சார், அப்போது பாட்டியைப்பற்றி என்ன எழுதுவது?" என்று கேட்டான்.

"நம்புகிறார்கள் என்றே எழுது," என்றேன். "அந்த இடத்துக்கு அதுதான் சரியான சொல்."